ரேஞ்ச்ஃபைண்டர் கெமராவுக்குக் கைப்பிடி: வலிக்கிற இடத்திலிருந்து தொடங்குங்கள்

புறக்கோட்டையில் ஒரு நாள் முழுக்கப் படம் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வரும் பஸ்ஸில் உட்கார்ந்து வலக்கையைத் திருப்பிப் பாருங்கள். நடுவிரலின் பக்கவாட்டில் சிவந்த பள்ளம் விழுந்திருக்கிறதா? உள்ளங்கை நசநசவென்று இருக்கிறதா? பெருவிரலின் அடிச்சதை இழுத்துப் பிடிக்கிறதா? எந்தக் கைப்பிடி வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். கெமராவின் பெயரைப் பிறகு கேட்பேன். தொல்லைக்குத் தொல்லை கைப்பிடி வேறு. சில தொல்லைகளுக்குக் கைப்பிடியே தேவையில்லை.

என்னிடம் இருப்பவை இரண்டு ரேஞ்ச்ஃபைண்டர்கள், அதாவது கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் தெரியும் இரண்டு உருவத்தை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் செய்யும் கெமராக்கள். ஒன்று மாமா தந்த கெனன் கெனொனெட் கியூஎல்17 ஜி3. 1972இல் வந்த வகை, கழற்ற முடியாத 40 மி.மீ. எஃப்/1.7 லென்ஸ். மற்றது கை மாறி வந்த லைக்கா எம்6. இரண்டிலும் பிடிப்பதற்கென்று முன்பக்கத்தில் ஒரு மேடும் கிடையாது. 1954இல் வந்த லைக்கா எம்3 தொடங்கி லைக்காவின் ஃபிலிம் எம் கெமராக்களின் உடம்பு பெரும்பாலும் அப்படித்தான்: 138 மி.மீ. நீளம், 77 மி.மீ. உயரம், 33.5 மி.மீ. தடிப்பு, இரு பக்கமும் உருண்ட ஒரு சவர்க்காரக் கட்டி மாதிரி. லென்ஸ் இல்லாமலே சுமார் 580 கிராம்.

இந்த உடம்பைச் செய்தவர்கள், பாரத்தை இடக்கை சுமக்கும் என்று எண்ணியே செய்தார்கள். இடது உள்ளங்கை அடியில், இடக்கை விரல்கள் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தில். வலக்கைக்கு வேலை ஷட்டரும் ஃபிலிம் நகர்த்தும் லீவரும் மட்டும். ஆகவே காசு செலவழிக்கும் முன் ஒரு வாரம் இடக்கையை அடியில் வைத்தே படம் எடுங்கள். நடக்கும்போது கெமராவை வலக்கையில் தொங்கவிடாமல் வாரில் விடுங்கள். பாதிப் பேருக்கு அதோடு தொல்லை தீர்ந்துவிடும். தீராதவர்களுக்குத்தான் மிச்சம்.

“ஒரு மணித்தியாலத்தில் நடுவிரல் வலிக்குது”

அதிகமாகக் கேட்கும் முறைப்பாடு இதுதான். வழவழப்பான முன்பக்கத்தில் விரலுக்குத் தடுப்பு இல்லாததால், கெமரா கீழே வழுக்காமல் இருக்க விரல் நுனிகளால் கிள்ளிப் பிடிக்கிறோம். முழுப் பாரமும் நடுவிரலின் மேல் மூட்டில் விழுகிறது. லென்ஸ் கனமானால் இன்னும் மோசம். லைக்காவின் சுமிக்ரொன் 35 மி.மீ. லென்ஸ் சுமார் 250 கிராம்தான், அதைக் கையே தாங்கிவிடும். நொக்டிலக்ஸ் 50 எஃப்/0.95 போட்டால் லென்ஸ் மட்டும் 700 கிராம். கெமரா மூக்குக் குப்புறச் சாயும், விரல் அதைத் திரும்ப நிமிர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்கு மருந்து முன்பக்கம் எழும்பி நிற்கும் மேடுள்ள கைப்பிடி. கெமராவின் அடியில் ஒரு தட்டு, தட்டிலிருந்து முன்னால் ஒரு எழும்பல். விரல்கள் அதன் உட்பக்கத்தைக் கொளுவிக்கொள்ளும். கிள்ள வேண்டிய தேவை போய்விடும். எழும்பல் எவ்வளவு உயரம் என்பதில்தான் எல்லாரும் பிழை விடுகிறார்கள். படத்தில் பார்த்து வாங்கினால் சரிவராது, ஏனென்றால் அளவு உங்கள் விரலில் இருக்கிறது.

நான் செய்த சோதனையைச் சொல்கிறேன். புத்தகக் கடையில் பிள்ளைகள் விளையாடும் கிளே ஒரு பெட்டி வாங்குங்கள். கெமராவின் முன்பக்கத்தில், ஷட்டர் பட்டனுக்குக் கீழே, மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுற்றி ஒட்டுங்கள்; கிளே கெமராவில் நேரே படக்கூடாது. அதன் மேல் ஒரு விரல் தடிப்புக்குக் கிளேயை அப்பி, கெமராவை வழக்கம்போலப் பிடியுங்கள். இறுக்கவேண்டாம். விரல்கள் தாங்களாகவே பள்ளம் தோண்டிக்கொள்ளும். பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்து, எடுப்பதுபோல் கண்ணில் வைத்து இறக்கி, மிச்சக் கிளேயைச் சீவிவிடுங்கள். என் கையில் கடைசியாக நின்றது 9 மி.மீ. உயரம். அதற்கு முன் நான் வாங்கியிருந்த கைப்பிடியின் மேடு 16 மி.மீ. அது ஏன் சுண்டுவிரலை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. கையகலம் சிறியவர்கள் உயரமான மேட்டைப் போட்டால் ஆள்காட்டி விரல் ஷட்டரை எட்டாது. எட்டினாலும் நுனியால் குத்துவார்கள், படம் அசையும்.

விரல் மோதிரம் மாதிரி ஒரு வளையம் திருகும் கைப்பிடிகளும் உண்டு. லைக்காவின் சில கைப்பிடிகளுக்கு அந்த வளையம் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவில் வருகிறது. நல்ல சாமான், கெமரா விழவே விழாது. ஆனால் அளவை மத்தியானத்தில் பாருங்கள். கொழும்பு வெயிலில் இரண்டு மணிக்கு விரல் வீங்கும். காலையில் பொருந்திய வளையம் பின்னேரம் கழறாமல் நின்ற அனுபவம் எனக்கு உண்டு.

ஃபிலிம் லைக்காவிலிருந்து டிஜிட்டலுக்கு மாறியவர்கள் “முன்னே வலிக்கவில்லை, இப்போது வலிக்கிறது” என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. டிஜிட்டல் லைக்காக்களில் எம்9 37 மி.மீ. தடிப்பு, எம்240 42 மி.மீ. கை பழகிய தடிப்பு மாறிவிட்டது. 2017இல் வந்த எம்10இல் மறுபடி 38.5 மி.மீ.க்கு இறக்கினார்கள். தடித்த உடம்புக்கு உயரமான மேடு போட்டால் கை இன்னும் விரிந்து இன்னும் வலிக்கும். தடித்த கெமராவுக்குத் தாழ்ந்த மேடுதான் பொருத்தம்.

“வலிக்கவில்லை, ஆனால் கை வழுக்குது”

இது மேட்டின் பிரச்சினையே இல்லை. வியர்வை. ஆடிவேல் தேர் காலி வீதியில் வரும்போது கூட்டத்துக்குள் நின்று ஒரு ரோல் எடுத்துப் பாருங்கள். மூன்றாவது ஃபிரேமில் கெமரா மீன் மாதிரி நழுவும். இதற்கு உயர்ந்த உலோகக் கைப்பிடியை வாங்கினால், வழுக்குகிற இன்னொரு சாமானை வாங்கியதாகத்தான் முடியும். பளபளப்பான அலுமினியம் ஈரக்கையில் கண்ணாடி போல.

வேண்டியது சொரசொரப்பு. அலுமினியக் கைப்பிடி என்றால் விரல் படும் இடத்தில் ரப்பரோ குறுக்கும் மறுக்கும் வெட்டிய கோடுகளோ இருக்க வேண்டும். ரப்பரில் சிலிகோன் வகையைத் தேடுங்கள். கைக்கு மெத்தென்று இருக்கும் ஒருவகைப் பூச்சு சில பிளாஸ்டிக் கைப்பிடிகளில் இருக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் அது சில வருடத்தில் பிசுபிசுத்து உருகின சொக்லட் போலக் கையில் ஒட்டும். வாங்கும்போது நகத்தால் அழுத்திப் பாருங்கள், நகத்தின் தடம் நின்றால் வாங்கவேண்டாம்.

கெமராவின் அடிப்பாதியை மூடும், தோலில் செய்த பாதி உறை அழகானது. எனக்கும் பிடிக்கும். ஆனால் கொழும்பில் அதைக் கைப்பிடிக்குப் பதிலாகப் போடுவதை நான் விரும்புவதில்லை. தோல் வியர்வையைக் குடிக்கிறது, குடித்ததை உலோகத்தோடு ஒட்டி வைத்துக்கொள்கிறது. மே தொடங்கித் தென்மேல் பருவ மழை வந்துவிட்டால் அந்த ஈரம் காய நேரமே கிடையாது. அலுமாரியில் வைத்த உறையின் உட்பக்கத்தில் சாம்பல் பொடியாகப் பூஞ்சணம் படர்ந்ததை ஒரு நாள் கழற்றிப் பார்த்தேன். உறையில் வந்த பூஞ்சணத்துக்கு லென்ஸ் தூரமில்லை. தோல்தான் வேண்டும் என்றால், வெளியே போய் வந்த ஒவ்வொரு நாளும் கழற்றிக் காயவிடுங்கள், கெமராவை உறையோடு பெட்டிக்குள் பூட்டவேண்டாம்.

காலிமுகத்திடலில் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடற்காற்றின் உப்பு கைப்பிடித் தட்டுக்கும் கெமராவுக்கும் இடையில் போய் உட்காரும். மாதம் ஒருமுறையாவது தட்டைக் கழற்றி, சற்றே நனைத்த துணியால் இரண்டு முகத்தையும் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிப் பூட்டுங்கள். செய்யாவிட்டால் ஸ்க்ரூ பச்சை பிடித்து இறுகிவிடும்.

அப்புறம், முப்பரிமாண அச்சில் செய்த கைப்பிடி இப்போது மலிவாகக் கிடைக்கிறது. எந்தப் பிளாஸ்டிக் என்று கேளுங்கள். பிஎல்ஏ என்றால் 60 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். வெயிலில் பூட்டிய காருக்குள், முன்கண்ணாடிக்குக் கீழே அந்தச் சூடு சாதாரணம். வளைந்த தட்டைத் திரும்ப நிமிர்த்த முடியாது. பிஇடிஜி அல்லது ஏபிஎஸ் என்றால் தாங்கும்.

“மெதுவான ஷட்டரில் படம் அசையுது”

செட்டியார் தெருவில் ஆறரைக்கு மேல் கடை வெளிச்சத்தில் எடுத்தால் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு ஷட்டர் 1/30, 1/15 செக்கன் என்று இறங்க வேண்டிவரும். ரேஞ்ச்ஃபைண்டரில், வேறு சில கெமராக்களில் போல உள்ளே கண்ணாடி மேலெழும்பி அடிக்கிற அதிர்வு கிடையாது, ஆகவே இந்த வேகங்களில் நிதானமாக எடுக்கலாம். அசைவு வருவது பெரும்பாலும் விரல் அழுத்தும் கணத்தில் கெமரா பின்பக்கம் உருள்வதால்தான். முன் மேடு இதைத் தடுக்காது. பின்னாலிருந்து பெருவிரல் தாங்க வேண்டும்.

ஃபிலிம் லைக்கா வைத்திருப்பவர்கள் காசே செலவழிக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு: லீவரைக் கொஞ்சம் வெளியே இழுத்து நிறுத்தி, பெருவிரலை அதன் உட்பக்கம் அணைத்துக்கொள்வது. எம்6இல் லீவர் அப்படி நிற்கவென்றே ஓர் இடம் இருக்கிறது. டிஜிட்டலில் லீவர் இல்லை. அங்கேதான் ஃப்ளாஷ் மாட்டும் ஹொட்ஷூவில் செருகும் பெருவிரல் தாங்கி உதவும். உண்மையில், 35 மி.மீ. போன்ற சிறிய லென்ஸ் வைத்திருப்பவருக்கு அடித்தட்டுக் கைப்பிடியை விட இந்தத் தாங்கி அதிகப் பலன் தரும் என்பது என் முடிவு. பாரம் கூடாது, அடிப்பக்கம் மறையாது.

ஆனால் மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். தாங்கி இருந்தால் ஃப்ளாஷோ 21 மி.மீ. லென்ஸுக்கான வெளி வியூஃபைண்டரோ மாட்ட முடியாது. ஃபிலிம் கெமராவுக்கு வாங்கும்போது லீவர் முழுச் சுற்றும் திரும்ப இடம்விட்ட தாங்கியா என்று பாருங்கள். இடக்கண்ணால் பார்ப்பவர்களுக்கு இந்தத் தாங்கி ஒத்துவராது. பெருவிரல் வந்து மூக்குக் கண்ணாடியில் இடிக்கும்.

“ஃபோகஸ் சதுரம் மறைஞ்சு போகுது”

கெமரா பழுது என்று பயந்து திருத்தக் கொடுக்க ஓடவேண்டாம். வியூஃபைண்டரின் நடுவில் தெரியும் அந்த ஒளிர்ந்த சிறு சதுரம், முன்பக்கத்தில் லென்ஸுக்கு மேலே உள்ள சின்னஞ்சிறு ஜன்னல் வழியாக வரும் காட்சி. அந்த ஜன்னலுக்கும் பிரதான ஜன்னலுக்கும் உள்ள இடைவெளியை வைத்தே கெமரா தூரத்தை அளக்கிறது. எம்6இல் அது 69.25 மி.மீ. சின்ன ஜன்னலை விரல் மறைத்தால் சதுரம் இருண்டுவிடும். எம்6 போன்ற ஃபிலிம் கெமராவில் பக்கத்திலுள்ள பனிக்கண்ணாடி ஜன்னலை மறைத்தால், படத்தின் எல்லையைக் காட்டும் சட்டக் கோடுகள் மங்கும்.

புதுக் கைப்பிடி போட்ட பிறகு இது தொடங்கினால், மேடு கையை மேலே தள்ளிவிட்டது என்று அர்த்தம். கண்ணாடி முன் நின்று, கெமராவைக் கண்ணில் வைத்து, எந்த விரல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குட்டையான மேடு போதும். அதுவும் சரிவராவிட்டால் கைப்பிடியைக் கழற்றுங்கள். சதுரம் தெரிகிறது, ஆனால் இரண்டு உருவமும் மேலும் கீழுமாக நிற்கின்றன என்றால் அது வேறு கதை, ரேஞ்ச்ஃபைண்டரைச் சரிக்கட்டித்தான் ஆகவேண்டும்.

“ஃபிலிம் மாற்றுவதற்குள் உயிர் போகுது” அல்லது “லீவர் சுற்றுது, ஃபிலிம் நகரவில்லை”

அடித்தட்டு வகைக் கைப்பிடியின் மிகப் பெரிய குறை இங்கேதான். உங்கள் கெமராவின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதுவும் வாங்காதீர்கள்.

எம்3 முதல் எம்6 வரை ஃபிலிம் அடியிலிருந்துதான் ஏறும். அடிமூடியின் மேல் திருகும் கைப்பிடி என்றால் ஒவ்வொரு 36 படத்துக்கும் கைப்பிடியைக் கழற்றி, மூடியைக் கழற்றி, ஃபிலிம் போட்டு, திரும்ப எல்லாம். தேர் அதுவரை காத்திருக்காது. எம்240, எம்10 இரண்டிலும் பற்றரியும் மெமரி அட்டையும் அடிமூடிக்குள். அங்கே மூடிக்குப் பதிலாகவே வரும் கைப்பிடியை எடுங்கள், கழற்றும் வேலை ஒன்றோடு முடியும். 2022இல் வந்த எம்11இல் தனி அடிமூடியே இல்லை, பற்றரி கீழிருந்து நேரே வெளியே வருகிறது. அதன் வழியை மறைக்காத தட்டு வேண்டும். எம்10இன் கைப்பிடி அதில் பொருந்தாது.

கெனொனெட், யஷிக்கா இலெக்ட்ரோ 35 போன்றவற்றில் பின்கதவு திறப்பதால் ஃபிலிம் மாற்றக் கைப்பிடி இடைஞ்சல் இல்லை. ஆனால் இரண்டிலும் பற்றரி மூடி அடியில், ஃபிலிமைத் திருப்பிச் சுற்ற அமுக்கும் சிறு பட்டனும் அடியில். மட்டமான தட்டொன்றை இறுக்கித் திருகினால் அது அந்தப் பட்டனை அமுக்கியே வைத்திருக்கும். லீவர் சுற்றும், எண் கூடும், ஃபிலிம் ஓரிடத்தில் நிற்கும். என் மாமாவின் கெனொனெட்டில் ஒரு முழு ரோல் இப்படிப் போனது. கொட்டாஞ்சேனையில் ஒரு உறவுக்காரர் வீட்டுச் சாமத்தியச் சடங்கு, எல்லாம் ஒரே ஃபிரேமில் ஒன்றன் மேல் ஒன்று. அன்றிலிருந்து லீவரைச் சுற்றும்போது இடப்பக்கத் திருப்புக் குமிழைப் பார்க்கிறேன். ஃபிலிம் நகர்ந்தால் அந்தக் குமிழும் சேர்ந்து சுழலும். சுழலவில்லை என்றால் உடனே நிறுத்தித் தட்டைக் கழற்றுங்கள். தட்டில் பட்டன் வரும் இடத்தை ஊதா மையால் குறித்து அங்கே ஒரு துளை போட்டால் தீர்ந்தது; எந்த லேத் கடையிலும் செய்து தருவார்கள்.

“கைப்பிடி ஆடுது, திருகிக்கொண்டே போகுது”

ஒரே ஸ்க்ரூவில் நிற்கும் தட்டு, அந்த ஸ்க்ரூவையே அச்சாகக்கொண்டு சுழலத்தான் செய்யும். ஃபிலிம் லைக்காவில் ட்ரைபொட் துளை நடுவில் இல்லை, ஓரத்தில் இருக்கிறது, அதனால் இன்னும் எளிதாகச் சுழலும். தட்டின் முன்னாலோ பின்னாலோ கெமராவின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் சிறு உதடு இருக்க வேண்டும். வாங்கும்போது ஸ்க்ரூவை இறுக்காமல் கையால் திருப்பிப் பாருங்கள். உதடு சரியென்றால் அப்போதே நிற்கும்.

குறட்டால் இறுக்குவது பெரிய பிழை. என் முதல் கைப்பிடியின் ஸ்க்ரூ தேவைக்கு மேல் நீளம். விற்றவர் அதைக் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. துளையின் அடியில் முட்டிய பிறகும் ஆடுகிறதே என்று இறுக்கினால் துளையின் அடித்தகடு உள்ளே தள்ளும். நீளத்தை அளக்க ஒரு தீக்குச்சி போதும். மருந்தில்லாத நுனியை ட்ரைபொட் துளையில் நேராக விட்டு, விளிம்பில் நகத்தால் கிள்ளி அடையாளம் வையுங்கள். தட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்க்ரூவோடு அந்தத் துண்டை ஒட்டிப் பிடியுங்கள். ஸ்க்ரூ குறைந்தது ஒரு மி.மீ. குட்டையாக இருக்க வேண்டும். நீளமென்றால் தலைக்கும் தட்டுக்கும் இடையில் ஒரு வொஷர் போடுங்கள்.

ஸ்க்ரூ தொலைந்துவிட்டால் புறக்கோட்டை ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும், ஆனால் சரியாகக் கேட்க வேண்டும். நான் முதல்முறை “கால் இஞ்சி மாதிரி ஒன்று” என்று கேட்டபோது முதலாளி 6 மி.மீ. ஸ்க்ரூ ஒன்றை எடுத்துத் தந்தார். போகப் போனேன், திரும்பக் கூப்பிட்டார். “தம்பி, எதுக்குப் போடப் போறீங்க? கெமராவுக்கோ? அப்ப இது வேணாம். புரி வேற.” அவர் சொன்னது முழுக்கச் சரி. ட்ரைபொட் துளை கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ., ஒரு அங்குலத்துக்கு 20 புரி. 6 மி.மீ. ஸ்க்ரூ அதில் லூசாக இறங்கும், பிடித்த மாதிரி இருக்கும், பாரம் விழுந்ததும் புரியைத் தின்றுவிடும். “கால் இஞ்சி, இருபது புரி” என்று கேளுங்கள். கால் இஞ்சி ஸ்க்ரூவின் புரியையும் 6 மி.மீ. ஸ்க்ரூவின் புரியையும் பக்கத்தில் வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்து எனக்குக் காட்டியவர் அவர். இப்போதும் அந்தக் கடையில்தான் வாங்குகிறேன்.

“எல்லாம் சரி, படம்தான் சரிவாக வருது”

இதற்கும் காலிமுகத்திடல்தான் சோதனைக் கூடம். கடலைப் பார்த்து நின்று, அடிவானத்தைச் சட்டத்தின் நடுவில் வைத்து, வழக்கம்போல ஷட்டரை அமுக்கிப் பத்துப் படம் எடுங்கள். படங்களில் அடிவானம் தொடர்ந்து வலப்பக்கம் ஏறியிருந்தால், அழுத்தும்போது கெமராவின் வலது முனையைக் கீழே இறக்குகிறீர்கள். முன் மேடு இதைக் கொஞ்சம் குறைக்கும், பெருவிரல் தாங்கி நன்றாகக் குறைக்கும். ஒருமுறை இடமும் ஒருமுறை வலமுமாகச் சரிந்தால் கைப்பிடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; எடுக்கும் அவசரம்தான் காரணம்.

ஒரு ரோலில் முதல் 18 படத்தைக் கைப்பிடியோடும் மிச்சம் 18 படத்தை அது இல்லாமலும் எடுங்கள். கழுவி வந்ததும் எது எதென்று பார்க்காமல் பிடித்தவற்றைப் பிரித்து வைத்துவிட்டு, பிறகு ஃபிரேம் எண்ணைப் பாருங்கள். எம்6இல் நான் இதைச் செய்தபின் அடித்தட்டுக் கைப்பிடியைக் கழற்றிவிட்டேன், லீவரில் பெருவிரலை அணைத்துக்கொண்டே எடுக்கிறேன். கெனொனெட்டில் அந்த 9 மி.மீ. மேடு நிற்கிறது, தட்டில் பட்டனுக்கான துளையோடு.